காக்கை: வழக்கும் உருவகமும்

காக்கை தமிழில் மிகுதியான உருவகப் பொருள்களைப் பெற்றுள்ள பறவை. விருந்தினர் வரவை முன்னறிவிப்பது, இறந்த முன்னோரின் சார்பில் சோறு உண்பது, சனீஸ்வரனின் வாகனம், சுற்றத்தைக் கூட்டி உண்பது என மதிப்புக்குரிய பொருள்கள் ஒருபுறம். திருட்டு, எச்சில், அவலட்சணம், முகத்துதி என இழிவுப் பொருள்கள் மறுபுறம். முன்னவை பெரும்பாலும் செய்யுளிலும் சடங்கிலும் உள்ளன. பின்னவை பேச்சில் உள்ளன. பேச்சு வழக்கிலுள்ள காக்கைச் சொற்கள் சில உண்மையில் காக்கையோடு தொடர்பில்லாதவை, 'கால் கை' என்பதன் திரிபுகள் என்றொரு கருத்து இணையத்தில் பரவலாகிவிட்டது. அது எந்த அளவுக்கு நிற்கும் என்பதை அறிய, செய்யுளையும் சடங்கையும் பேச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற நிலம் குமரி மாவட்டம். திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இந்நிலத்தில், தமிழ்க் காக்கையும் மலையாளக் காக்கையும் ஒரே முற்றத்தில்தான் இறங்குகின்றன.

பெயர்

காக்கை, காகம் இரண்டும் பறவையின் ஒலியிலிருந்து பிறந்த பெயர்கள். காகம் வடமொழி வழி வந்தது, காக்கை தமிழ்ச்சொல். பேச்சில் காக்காய், காக்கா என வழங்கும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களில் முஸ்லிம்கள் அண்ணனைக் 'காக்கா' என்று அழைப்பதற்கும் பறவைக்கும் தொடர்பில்லை.

ஊரில் காணப்படுபவை இரண்டு இனங்கள். கழுத்து சாம்பல் நிறமாக உள்ளது ஊர்க்காக்கை. முழுக்கக் கருமையாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. தமிழில் அண்டங்காக்கை என்பது வசைச்சொல்லாகவும் பயன்படுகிறது. அதே பறவைக்கு மலையாளத்தில் 'பலிக்காக்க' என்று பெயர். முன்னோருக்கு இடும் பலியை ஏற்க வரும் காக்கை என்று பொருள். அருகருகே வாழும் இரு மொழிகளில் ஒன்று அப்பறவையின் நிறத்தைப் பார்த்திருக்கிறது, மற்றொன்று அதன் பணியைப் பார்த்திருக்கிறது.

கரைதல்

குயில் கூவும், மயில் அகவும், காக்கை கரையும் என்பது தமிழ் மரபு. கரைதல் என்ற சொல்லுக்கு அழைத்தல், அழுதல், உருகிப்போதல் ஆகிய பொருள்களும் உண்டு. காக்கையின் ஒலியை வெறும் இரைச்சலாகக் கேட்ட சமூகம் அதற்கு இப்படி ஒரு வினைச்சொல்லை அளித்திருக்காது.

குறுந்தொகை 210-ஆம் பாடல் இம்மரபின் உச்சம். பிரிந்து சென்ற தலைவன் திரும்பி வருகிறான். தலைவியை அதுவரை ஆற்றியிருக்கச் செய்ததற்காகத் தோழியைப் பாராட்டுகிறான். அந்தப் பாராட்டு தனக்குரியதல்ல, விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்குரியது என்கிறாள் தோழி. நள்ளியின் காட்டு ஆயர்களுடைய பசுக்களின் நெய்யை, தொண்டியில் விளைந்த நெல்லின் வெண்சோற்றில் கலந்து ஏழு கலங்களில் ஏந்தி வைத்தாலும் காக்கைக்கு அது சிறிய பலியே என்பது அவள் வாதம். இப்பாடலைப் பாடியவர் இதனாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் பெற்றார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிச் சேர அரசனிடம் பரிசு பெற்ற புலவரும் இவரே. அரசனைப் பாடிய பத்துப் பாடல்களைவிட காக்கையைப் பாடிய ஒரு பாட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஐங்குறுநூறு 391-இல் பேசுபவள் தாய். உடன்போக்கில் சென்றுவிட்ட மகள் தன் துணைவனோடு திரும்பி வரும்படி கரைந்தால், ஊன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் இடுவதாகக் காக்கையிடம் சொல்கிறாள். மகளைத் திருப்பி அழைக்க அவளுக்கு வேறு வழியில்லை. காக்கையிடம்தான் கேட்க முடிகிறது. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் இதே வேண்டுதல் இறைவனின் வரவுக்காக முன்வைக்கப்படுகிறது. காதலன், மகள், இறைவன் என வர வேண்டியவர்கள் மாறுகிறார்கள். கேட்கப்படும் பறவை மாறவில்லை.

காக்கையின் இந்த இடம் எவ்வளவு அரிது என்பதற்கு அதன் ஐரோப்பிய உறவினரான மேக்பை நல்ல ஒப்பீடு. கறுப்பும் வெள்ளையும் கலந்த, நீண்ட வாலுள்ள அப்பறவை காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் அது இல்லை. தென்னந்தோப்புகளில் காணப்படும் வால்காக்கையை அதன் நெருங்கிய உறவாகக் கொள்ளலாம். இடைக்காலப் பிரெஞ்சு வழக்கில் மேக்பை ஓயாமல் பேசுபவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு உவமை. 1371–72-இல் லா டூர் லாண்ட்ரி என்ற நிலக்கிழார் தம் மகள்களுக்கு அறிவுரையாக எழுதிய நூலில் ஒரு கதை உண்டு. கணவன் குளத்தில் வளர்த்த விலாங்கு மீனை மனைவி சமைத்துத் தின்றுவிட்டு, நீர்நாய் தின்றதாகப் பொய் சொல்கிறாள். கூண்டிலிருந்த மேக்பை உண்மையைச் சொல்லிவிடுகிறது. கணவன் போனதும் மனைவி அதன் தலை இறகுகளைப் பிடுங்கி மொட்டையடிக்கிறாள். அதன்பின் வழுக்கைத் தலையரைக் காணும்போதெல்லாம், விலாங்கைப் பற்றி நீயும் சொல்லிவிட்டாயா என்று மேக்பை கேட்குமாம்.

கதை வேடிக்கையானது. ஆனால் அதில் பறவை உண்மையைச் சொல்லித் தண்டனை பெறுகிறது. தமிழ்க் காக்கை உண்மை எதையும் சொல்வதில்லை; வருவார் என்று மட்டும் சொல்கிறது, அல்லது அப்படிச் சொன்னதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பொற்கலத்தில் சோறு. காத்திருப்பவர்களின் மொழியில் உருவான பறவை அது. மேக்பையோ வீட்டுக்குள் எதையாவது மறைக்க வேண்டியவர்களின் மொழியில் உருவான பறவை.

கரவாமையும் திருட்டும்

திருக்குறள் காக்கையை இரண்டு இடங்களில் முக்கியமாகக் கையாள்கிறது. காலமறிதல் அதிகாரத்தில் (481) பகலில் கூகையை வெல்லும் காக்கை வருகிறது. காக்கைக்கும் கூகைக்கும் உள்ள பகை பஞ்சதந்திரத்திலும் ஒரு பகுதி முழுக்கப் பேசப்படுவது; காளமேகத்தின் பெயரால் வழங்கும் ககர வரிசைப் பாட்டும் அதிலிருந்து எழுந்ததே. சுற்றந்தழால் அதிகாரத்தில் (527) காக்கை கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தை அழைத்து உண்பதாகச் சொல்லப்படுகிறது.

இரண்டாவது குறள் இயற்கையைக் கண்டு சொன்னது என்றே உரைகளும் பாடநூல்களும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் காக்கை கரவும் செய்யும். மிஞ்சிய துண்டை ஓட்டு இடுக்கிலோ தென்னை மட்டையிலோ செருகி வைத்துப் பின்னர் வந்து எடுப்பது அதன் வழக்கம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் கண்டிருக்கக்கூடிய காட்சி இது. வள்ளுவர் காக்கையிடம் தமக்குத் தேவையான பாதியை எடுத்துக்கொண்டார். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, உவமை அப்படித்தான் இயங்கும். அவர் விட்ட மறுபாதியைப் பேச்சுவழக்கு எடுத்துக்கொண்டது.

பாட்டி சுட்ட வடையைத் திருடிய காக்கையின் கதை அந்த மறுபாதியைச் சேர்ந்தது. பாலாடைக்கட்டியைக் கவ்விய காக்கையை நரி புகழ்ந்து பாட வைக்கும் ஈசாப்புக் கதையின் தமிழ் வடிவம் அது. 12-ஆம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் அதைப் பிரெஞ்சுச் செய்யுளில் எழுதினார். ரெனார் என்ற நரியைப் பற்றிய பிரெஞ்சுக் கதைத்தொகுதியிலும் அது உண்டு. புகழ்ச்சியில் மயங்கும் காக்கை இந்தியாவுக்குப் புதிதல்ல. நாவல்மரத்திலிருந்து பழம் தின்னும் காக்கையை நரி புகழ, காக்கை நரியைத் திருப்பிப் புகழும் கதை பௌத்த ஜாதகக் கதைகளில் உள்ளது. தமிழ்க் குழந்தைக்கு மரமும் வடையும் பாட்டியும் சேர்ந்து கிடைத்ததில், கதை வெளியிலிருந்து வந்த தடமே தெரியாமல் போயிற்று.

வடமொழி வழியாக வந்த காக்கைகளும் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது காகதாலீய நியாயத்தின் தமிழ். ஒரே கண்மணி இரு கண்களுக்கும் சென்று வருவது போல ஒரு சொல் இருபுறமும் பொருந்துவதைக் காகாட்சி நியாயம் என்பர். சீதையைத் துன்புறுத்தி இராமனால் கண்ணிழந்த காகாசுரன் கதையோடு இது பொருந்திப்போகிறது. காக்கைக்குப் பல் உண்டா என்று ஆராய்வது வீண் ஆராய்ச்சிக்குப் பெயர். இவை படித்தவர்களின் காக்கைகள். சோற்றோடு இவற்றுக்குத் தொடர்பில்லை.

பலிச்சோறு

குமரி மாவட்டத்தில் காக்கை சடங்கின் மையத்துக்கு வரும் நாள் ஆடி அமாவாசை. அன்று கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் பெருங்கூட்டம் தர்ப்பணம் செய்கிறது. மேற்கே விளவங்கோட்டுப் பகுதியில் அதே நாளுக்கு 'வாவுபலி' என்று பெயர். வாவு என்றால் அமாவாசை, மலையாள வழக்கு. குழித்துறையில் தாமிரபரணி ஆற்றையொட்டி அப்போது நடைபெறும் பொருட்காட்சியே வாவுபலிப் பொருட்காட்சி என்றுதான் அழைக்கப்படுகிறது. கேரள முறையில் பலியிட்டவர் ஈரக்கையைத் தட்டிக் காக்கையை அழைப்பார். தமிழ் முறையில் இலையிலோ கூரைமேலோ சோற்றை வைத்து 'கா கா' என்று அதன் மொழியிலேயே அழைப்பார்கள். காக்கை தொடும்வரை வீட்டார் உண்பதில்லை. அது தாமதித்தால் இறந்தவருக்கு ஏதோ மனக்குறை என்று பேச்சு எழும். யாரோ ஒருவர், நிறைவேறாத ஏதோ ஒன்றைச் செய்து தருவதாகக் காக்கையைப் பார்த்து வாக்களிப்பார்.

பிற நாட்களில் கல்லெறிந்து ஓட்டும் பறவையை அன்று கெஞ்சுவது நகைப்புக்குரியதாகப் பலருக்கும் பட்டிருக்கிறது. சீர்திருத்த மேடைகளில் நெடுநாள் பேசப்பட்ட கேலி அது. ஆனால் சொல்லாய்வுக்கு இக்காட்சி மிக முக்கியமானது. காக்கையைப் பற்றிய மதிப்பும் இழிவும் ஒரே உறவிலிருந்து பிறக்கின்றன என்பதை இது காட்டுகிறது. நம் சோற்றை நம்பி வாழும் பறவை அது. சோறு நம் கையில் இருப்பதால் ஏளனம் செய்கிறோம். ஒரு நாள் மட்டும் அது உண்ண வேண்டும் என்ற தேவை நமக்கு வருகிறது.

'எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்' என்ற மரபுத்தொடரும் இந்த முற்றத்தில் பிறந்ததே. கையை உதறினால் நாலு பருக்கை விழுந்துவிடுமோ என்று அஞ்சும் கஞ்சனைக் குறிப்பது. காக்கையை ஓட்டுவதுகூட ஒருவகையில் கொடுப்பதுதான் என்று இத்தொடரை உருவாக்கியவருக்குத் தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் உடன்பிறந்தார் நலத்துக்காகக் காக்கைக்கு வண்ணச் சோற்று உருண்டைகள் வைக்கும் கணுப்பிடி இன்னொரு காட்சி. அங்கே 'பிடி' என்பது கையால் பிடித்த உருண்டை.

காக்காய் பிடித்தல்

ஒருவரைப் புகழ்ந்தும் சிறு பணிவிடைகள் செய்தும் காரியம் சாதிப்பதைக் காக்காய் பிடித்தல் என்கிறோம். இது 'கால் கை பிடித்தல்' என்பதன் மருவு, காக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதே இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காக்காய் வலிப்பும் 'கால் கை வலிப்பு' என்பதன் திரிபு என்பது அதன் துணை விளக்கம். இரண்டும் கேட்டவுடன் நம்பத் தோன்றுபவை. அறிந்துகொண்டோம் என்ற மகிழ்ச்சியை உடனே தருபவை. அதனாலேயே சந்தேகிக்க வேண்டியவை.

முதல் தடை சொற்களின் வரிசை. தமிழில் இவ்விரு உறுப்புகளும் சேர்ந்து வரும்போது கை முன்னும் கால் பின்னும் வருவதே இயல்பு: கைகால் அலம்பினான், கையும் காலும் ஓடவில்லை, கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சினான். மலையாளத்திலும் இதே வரிசைதான். 'கால் கை' என்ற தலைகீழ் வரிசை, மருவை விளக்குவதற்காகவே அமைக்கப்பட்டது போலிருக்கிறது. இரண்டாவது, கையைக் காலைப் பிடித்தல் என்ற தொடர் இன்றும் உயிரோடு இருக்கிறது, வேறு பொருளில். அது கெஞ்சுதல். நெருக்கடியில் ஒருமுறை செய்வது, வெளிப்படையானது. காக்காய் பிடித்தல் நாள்பட்டது, மறைவானது, சற்றுச் சிரித்துக்கொண்டே செய்வது. ஒரே தொடர் இப்படி இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒரே காலத்தில் வேறு பொருள்களில் வழங்கும் என்பது நடக்க முடியாததல்ல; ஆனால் அதை நிறுவுவது அவ்விளக்கத்தைச் சொல்பவரின் பொறுப்பு.

மூன்றாவது தடையே வலுவானது. காக்கைத் தொடர்கள் தனியாக நிற்பவை அல்ல, ஒரு குடும்பம். பொன்போல மின்னும் மைக்காவுக்குக் காக்காய்ப்பொன் என்று பெயர், மலையாளத்தில் காக்கப்பொன்னு. தண்ணீர் தெளித்துக்கொண்டு எழுந்து வருவது காக்காய்க் குளியல், மலையாளத்தில் காக்கக்குளி. துணியால் மூடிக் கடித்து மிட்டாயைப் பங்கிடுவது காக்காய்க் கடி. மேனியின் கரும்புள்ளிக்கு மலையாளத்தில் காக்கப்புள்ளி. எண்ணில்லாதவற்றுக்குக் காக்கத்தொள்ளாயிரம். இவற்றில் எதையும் 'கால் கை'யாகப் பிரிக்க முடியாது. தமிழும் மலையாளமும் புழங்கும் குமரி மாவட்டத்தில் இந்த வரிசையைச் சேர்த்துக் கேட்பவருக்கு, இரண்டு சொற்களை மட்டும் பிரித்தெடுத்துக் கால் கை ஆக்குவது செயற்கையாகத் தோன்றும்.

காக்கை எளிதில் பிடிபடாத பறவை என்பதும் நினைவில் வேண்டும். சோறு வைத்தவரின் கையசைவைக் கண்டே விலகும். அதைப் பிடிக்க நினைப்பவர் நாள்தோறும் சோறு வைத்து, அசையாமல் நின்று, பழக்க வேண்டும். பிடித்தல் என்ற வினை 'ஆள் பிடித்தல்' என்பதில் உள்ள பொருளிலேயே இங்கும் வருகிறது. மேலதிகாரியின் வீட்டுக்கு முதல் பலாப்பழத்தைக் கொண்டுபோகிறவரின் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. வடைக் கதையின் நரியையும் சிலர் இங்கே நினைக்கலாம். ஆனால் நரி பிடித்தது வடையை, காக்கையை அல்ல.

வலிப்பைப் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அடிபட்ட காக்கை சிறகை வெட்டி வெட்டி இழுப்பதைக் கண்டவர் அப்பெயரை இட்டிருக்கலாம் என்பது நேரான விளக்கம். ஆனால் இன்று நோயாளிக்கு அப்பெயர் அவமானமாக இருக்கிறது. ஆகவே மருத்துவத் தமிழில் 'கால்-கை வலிப்பு' என்ற வழக்கு நிலைபெற்றது நல்லதே. புதுப்பெயராக அதை ஏற்கலாம். பழைய வரலாறாக அதை ஏற்க வேண்டியதில்லை. நோயாளியின் கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கமும் அப்பழைய பெயரோடு போய்விட்டால் நல்லது. அதனால் பயனில்லை, ஒருக்களித்துப் படுக்க வைப்பதே செய்ய வேண்டியது.

நிறம்

காக்கை உருவகங்களில் இன்றும் புண்படுத்துவது நிறம். பெண் பார்க்கும் பேச்சிலும் பள்ளி வகுப்பறையிலும் கருத்த மேனியுடையவரைக் காக்கை என்பது சாதாரணமாக நடக்கிறது. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்ற பழமொழி தாயன்பைப் புகழ்வதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதிலுள்ள 'உம்' கவனிக்கத் தக்கது. காக்கைக்குக்கூட என்ற இளக்காரம் அந்தச் சிறு சொல்லில் இருக்கிறது. குயில் இட்ட முட்டையையும் அடைகாத்து வளர்க்கும் பறவைக்கு இது கிடைத்தது. கருமையில் குயில் சளைத்ததல்ல. ஆனால் யாரையும் குயில் என்று வைவதில்லை.

நாட்டார் பாடல்களில் இந்த இளக்காரம் இல்லை. குழந்தையின் கண்ணுக்கு மை கொண்டுவரச் சொல்லிக் காக்கையை அழைக்கும் பாட்டு தமிழ்நாடு முழுக்க வழங்குவது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் (1876–1954) பெயராலும் சொல்லப்படுவது. அப்பாட்டில் காக்கையின் கருமை குழந்தையின் கண்ணுக்கு அழகாக இடம் மாறுகிறது. பாரதி காக்கையின் சிறகில் கண்ணனின் நிறத்தைக் கண்டார். இன்னொரு பாட்டில் காக்கையையும் குருவியையும் தம் சாதி என்றார். 'காக்காய் பார்லிமெண்ட்' என்று ஒரு கேலி உரைநடையும் எழுதினார். மலையாளத்தில் வைலோப்பிள்ளி ஸ்ரீதரமேனன் எழுதிய 'காக்க' கவிதையும் கருமையையே எடுத்துக்கொண்டு, அதை உழைக்கும் எளிய பெண்ணின் அழகாக்கியது. பாரதியின் காக்கை தத்துவத்துக்குச் செல்கிறது, வைலோப்பிள்ளியின் காக்கை முற்றத்திலேயே நிற்கிறது. இவ்விஷயத்தில் பின்னதே ஒரு படி மேல். பாரதியில் காக்கை மறைந்து கண்ணன் தெரிகிறான். மலையாளக் கவிதையில் கடைசிவரை காக்கையே இருக்கிறது.

நாகர்கோவிலின் காகங்கள்

நவீனத் தமிழிலக்கியத்தில் காக்கையின் பெயர் ஓர் அமைப்புக்குச் சூட்டப்பட்டதும் இம்மாவட்டத்தில்தான். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி (1931–2005) நடத்திய இலக்கிய உரையாடல் கூட்டத்துக்குக் 'காகங்கள்' என்று பெயர். அவருடைய சிறுகதை ஒன்றுக்கும் தொகுதி ஒன்றுக்கும் அதே தலைப்பு. பாரதிதாசன் தம் இதழுக்குக் 'குயில்' என்று பெயரிட்டார். கவிஞர் மீரா சிவகங்கையில் தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் 'அன்னம்'. இனிமைக்கு ஒன்று, பாலையும் நீரையும் பிரிக்கும் நுண்ணறிவுக்கு ஒன்று என அவை மரபு ஏற்கெனவே உயர்த்தி வைத்த பறவைகள். கூடிப் பேசுவதற்கும் ஒருவரோடொருவர் சத்தமாக முரண்படுவதற்கும் நாகர்கோவிலில் தேர்ந்தெடுக்கப்பட்டது கூரையில் உட்கார்ந்திருந்த பறவை.